முதல்முறை வருகிறவருக்கு

என் வீட்டுக் கிணற்றடியில் நாலு வால்வு இருக்கிறது. நாலையும் பொருத்திப் பூட்டியது நான். குழாய் வெட்டியது, பிடரி நோகக் குனிந்து பசை பூசியது, சாந்து குழைத்து மூடியது எல்லாம் நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பதின்மூன்று வயதில் மேசன்மாருக்குப் பின்னால் சாந்துச் சட்டி சுமந்தவன், இன்றைக்கு வாவிக்கரையில் மாடி வீடு கட்டிக் கீழே ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன் என்றால் அதற்கு என் கையும் என் மூளையும்தான் காரணம். இதை நான் கலியாண வீட்டிலும் சொல்வேன், செத்த வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

அந்த நாலு வால்விலும் இன்று நாலு காகிதத் துண்டு தொங்குகிறது. மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, மீன்வலை நூலால் கட்டிய துண்டுகள். அவற்றை எழுதியவள், என் மேல்மாடியில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்த ஒரு பிள்ளை. பேரைச் சொல்லப் போவதில்லை. தன் பேரை எங்கேயும் போடுவது அவளுக்குப் பிடிக்காது. உலகம் முழுக்கப் பாவித்த வேலையிலேயே போடாதவள், என் எழுத்தில் போட்டால் கோபிப்பாள்.

பிள்ளை என்கிறேன், நாற்பது தாண்டிய ஆள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்காரி. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் தகப்பனுக்கு ஒரு வட்டையில் வயல். அங்கே இன்டர்நெட் இழுத்து இழுத்துத்தான் வரும் என்று வாவி கடந்து எங்கள் பக்கம் வந்தாள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. சனிக்கிழமை ஊருக்குப் போனால் ஞாயிறு பின்னேரம் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வருவாள். பாதிச் சட்டி எனக்குத்தான், கேட்காமலே வரும்.

வீடு பார்க்க வந்த அன்றே எனக்கும் அவளுக்கும் பிடுங்குப்பாடு. மற்றவர்கள் வந்தால் காற்று வருமா, நுளம்பு கடிக்குமா என்று கேட்பார்கள். இவள் சுவர்களைக்கூடப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனாள்.

"மாமா, நீங்க வீட்டில இல்லாத நேரம் தண்ணி நிண்டா நான் எதத் திறக்கணும்?"

நான் வீட்டை விட்டு எங்கே போகப் போகிறேன் என்றேன். போனால்? போனாலும் போன் இருக்கிறது, எடுத்தால் சொல்வேன். போன் வேலை செய்யாவிட்டால்? என்னை இவள் உயிரோடு புதைக்கப் பார்க்கிறாளோ என்று இருந்தது. என் மனைவி குசினி வாசலில் நின்று சிரித்தாள். "சொல்லிக் குடுங்களன். எனக்கும்தான் இவ்வளவு காலமும் தெரியா" என்றாள்.

அது உண்மை. அந்த மோட்டரையும் வால்வுகளையும் நான் ஒருத்தரையும் தொடவிட்டதில்லை. தொடவிட்டால் எதையாவது முறித்து வைப்பார்கள். அதோடு, உள்ளதைச் சொன்னால், எல்லோரும் என்னைத் தேடி வருவது எனக்குப் பிடிக்கும். "முதலாளி எங்க? தண்ணி வருகுதில்ல" என்று நாலு பேர் கூப்பிட, நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஒரு திருப்புத் திருப்ப, தண்ணீர் கொட்டும். அந்த ஒரு திருப்பில் எனக்குப் பெரிய சந்தோசம்.

குடிவந்த முதல் கிழமையே மாடியில் துண்டுகள் முளைக்கத் தொடங்கின. மின்விசிறிச் சுவிச்சுக்குக் கீழே ஒன்று. ஜன்னல் கொளுக்கியில் ஒன்று: தூக்கி இழுக்கவும். ஏணிப்படியில் மூன்றாவது படி மற்றதைவிட அரை அங்குலம் உயரம், அதற்கும் ஒன்று. அந்த அரை அங்குலத்தை இருபது வருடமாக ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறாய், இது என்ன வீடா மருந்து குடுக்கிற இடமா என்று கேட்டேன். அவள் கோபிக்கவில்லை.

"புதுசா வாற ஆளுக்கு விளங்கணும் மாமா."

"இஞ்ச எந்தப் புது ஆள் வருது? நீ மட்டும்தானே இரிக்கிறாய்."

"நான்தான் வந்தன். படியில இடறினன். எனக்குப் பிறகும் ஒரு ஆள் வரும்."

இந்த ஒரு வசனம்தான் அவள். புதிதாக வருகிற ஆளுக்கு விளங்குமா. மீன் வாங்கினாலும் இதே கேள்வி, பஸ்ஸில் ஏறினாலும் இதே கேள்வி. ஏறாவூரில் ஒரு கடையில் சாறி எடுக்கப் போனபோது விலைச்சீட்டு சாறியின் உள்மடிப்பில் இருந்ததாம். புதிதாக வருகிற ஆள் எப்படித் தேடும் என்று முதலாளியோடு முக்கால் மணித்தியாலம் கதைத்து, அவருடைய ஆட்களைக் கொண்டே எல்லாவற்றையும் வெளியே மாற்றிக் குத்த வைத்துவிட்டுத்தான் வந்தாளாம். கூடப் போன என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சாறி எடுத்ததா என்று கேட்டேன். அதை மறந்துவிட்டு வந்திருந்தார்கள்.

அவளுடைய வேலை என்ன என்று எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது. அவளும் பல மாதிரிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் கடைக்கு வந்து, நான் வியாபாரம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "இதைத்தான் மாமா நானும் செய்யிறன்" என்றாள்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த ஹாட்வெயாரிலும் அது இல்லை. முதன்முதலாக வீடு கட்டுகிறவன் வந்தால் அவனுக்கு எதை வாங்குவதென்றே தெரியாது. பயந்துபோய் நிற்பான். நான் மூன்று கேள்வி கேட்பேன். வளவு மணலா களியா? எத்தனை அறை? மேல்மாடி எழுப்புகிற எண்ணம் இருக்கிறதா? மூன்றுக்கும் மறுமொழி வந்தால் போதும். இத்தனை பை சீமெந்து, இன்ன கம்பி, கட்டுக்கம்பி, ஆணி, நூல், மட்டம் வரைக்கும் ஒரு அத்திவாரத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே லோடாக ஏற்றி அனுப்பிவிடுவேன். போய் இறக்கினால் அன்றைக்கே வேலை தொடங்கலாம். இதற்கு நான் அத்திவாரச் செற் என்று பேர் வைத்தேன். பெரியகல்லாறு வரைக்கும் என் செற்றில் எழும்பிய வீடுகள் நிற்கின்றன.

பெரிய வங்கிகள், ஆஸ்பத்திரிகள், துறைமுகங்கள் எல்லாம் கொம்பியூட்டரில் ஓடுவதற்கு ஜாவா என்ற ஒரு பாசையில் எழுதுவார்களாம். எழுதத் தொடங்குவதுதான் கஷ்டமாம். எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், எந்தப் பொருள் எந்தப் பொருளோடு ஒத்துப்போகும் என்று தேடியே நாட்கள் போய்விடும். இவளுடைய கம்பனி அதற்கு ஒரு இணையப் பக்கம் வைத்திருந்தது. அதைக் கட்டியதில் இவள்தான் தலைமேசன். பக்கத்தைத் திறந்தால் பெட்டி பெட்டியாகக் கேள்விகள். உன் வேலைக்கு என்ன பேர்? தரவு சேமிக்க வேண்டுமா? கடவுச்சொல் கேட்க வேண்டுமா? வேண்டியதில் சரி போட்டு, அடியில் உள்ள பட்டனை அமத்தினால் ஒரு பொதி வந்து இறங்கும். அவிழ்த்தால் உள்ளே அத்திவாரம் போட்டு, தூண் நிறுத்தி, முன்வாசலில் ஒரு லைற்றும் எரியும். அதன்மேல் நீ உன் வீட்டைக் கட்டிக்கொள்.

"அப்ப இத நான்தான் முதல் கண்டுபிடிச்சது" என்றேன்.

"ஓம் மாமா. நீங்கதான்" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவளிடம் இரண்டு லப்டொப் இருந்தன. ஒன்று வேலை செய்ய, புதியது. மற்றது பழையது, மூடி வெடித்து ரேப் ஒட்டியது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அந்தப் பழையதை முழுதாக அழிப்பாள். ஒரு எழுத்துக்கூட மிஞ்சாது. பிறகு கிழமை முழுக்கத் தான் செய்த வேலையை எல்லாம், ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி, அந்த வெறும் பெட்டியில் முதலிலிருந்து இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பாள். புதியதில் ஓடினால் காணாதா என்று கேட்டேன். "என்ட வீட்டில எல்லாம் இரிக்கி மாமா. இல்லாத வீட்டில ஓடணும்" என்றாள். ஓடாவிட்டால் அந்தக் கிழமை ஊருக்குப் போகமாட்டாள். எனக்குத் தயிரும் இல்லை.

ஒரு மாரிகாலம் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னாள். அனுப்புகிற சோறு அப்படியே திரும்பி வருகிறது. நான் மேலே போனேன். மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலைக்கூடச் சாத்தாமல் இருந்தாள்.

விஷயம் இதுதான். சில வாடிக்கையாளர்கள் முறைப்பாடு அனுப்பியிருக்கிறார்கள். பொதியை இறக்கினோம், அவிழ்த்தோம், ஓடவில்லை. என்ன பெட்டிகளில் சரி போட்டோம் என்று அவர்களுக்கு நினைவில்லை. தொடங்கும்போதே விழுந்ததால் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். இவளும் கூட வேலை செய்கிற இரண்டு பேரும் ஒரு மாதமாகத் தேடுகிறார்கள். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் சரியாகத்தான் ஓடுகிறது. கம்பனிப் பெரியவர் எழுதிவிட்டார்: தைப்பொங்கலுக்கு முன் காரணம் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தை மூடிவிட்டு, முன்பு போல ஒரு தடித்த கைநூலைக் கொடுத்துவிடலாம். தைப்பொங்கல் என்பது நான் போட்டது. அவர் போட்டது ஏதோ தேதி.

உன்னை வேலையால் நிற்பாட்டுவார்களா என்று கேட்டேன். இல்லை, வேறு வேலை தருவார்கள். சம்பளம் குறையுமா? குறையாது. அப்படியானால் பிறகென்ன, மூடினால் மூடட்டும் என்றேன். எனக்கு அப்படித்தான் பட்டது.

அவள் எழும்பி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சொன்னாள். படித்து முடித்து முதன்முதலாகக் கொழும்பில் வேலைக்குப் போனாளாம். முதல் நாளே ஒரு தடித்த கைநூலைக் கொடுத்து, இதைப் பார்த்து உன் கொம்பியூட்டரில் ஒரு புரோகிராமை ஓட வை, பிறகு வேலை தருகிறோம் என்றார்களாம். மூன்று கிழமை ஓடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பட்டுப் பட்டென்று தட்டிக்கொண்டிருக்க, இவள் ஒன்றும் ஓடாத பெட்டிக்கு முன்னால் காலை முதல் பின்னேரம் வரை இருந்திருக்கிறாள். கேட்க வெட்கம். கொக்கட்டிச்சோலைப் பெட்டைக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார்கள் என்ற பயம். மத்தியானம் கழிவறையைப் பூட்டிக்கொண்டு அழுவாளாம். ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்கும் பதிந்துவிட்டாள். போகிற அன்று காலை, தரை கூட்டுகிற ஒரு அம்மா இவளுடைய மேசைக்குக் கீழே பார்த்து, "மகள், இந்த வயர் கொழுவல்லயே" என்றாளாம். மூன்று கிழமையும் அந்தக் கொம்பியூட்டருக்கு இன்டர்நெட்டே போகவில்லை. அது கைநூலில் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து ஒருத்தரும் எழுதவில்லை.

"மாமா, அந்தப் பக்கத்த மூடினா எங்கயோ ஒரு பிள்ளை கழிவறையில இரிந்து அழும். எனக்குத் தெரியும்."

என் முதல் நாள் எனக்கு நினைவு வந்தது. மேசன் ரசமட்டத்தைக் கையில் தந்து, கல்வரியின் மட்டம் பார்க்கப் பிடி என்றான். நான் நிமிர்த்திப் பிடித்தேன். ரசமட்டத்தைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும் என்று அறியாத கழுதை என்று எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் இதுவரை எந்தக் கலியாண வீட்டிலும் சொன்னதில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுமே தெரியாத ஒரு ஆள். அவள் அந்தப் பக்கத்தைத் தமிழிலும் வாசிக்கிற மாதிரிப் பெருப்பித்திருந்தாள். கம்பனி கேட்காமல், தன் ஓய்வு நேரத்தில். என் மனைவியைக் கேட்டாள். நான் தொட்டால் உடைந்துவிடும் என்று மனைவி கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"கொண்டா புள்ள" என்றேன். "நான் பார்க்காத அத்திவாரமா."

பழைய லப்டொப்பை என் முன்னால் வைத்தாள். ஒரு நிபந்தனை. நான் என்ன செய்தாலும் அவள் பேசமாட்டாள், உதவமாட்டாள். எனக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். பொத்தாவிட்டால் சொல்லிவிடுவாளாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கடையில் எனக்கு எல்லாம் தலைக்குள் இருக்கிறது, வாசிக்கத் தேவையில்லை. கடிதம் வந்தால் கண்ணாடி இல்லை என்பேன். மனைவியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தத் திரைக்கு முன்னால் நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, உதடு அசைய, ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் எடுத்து வாசித்தேன். பின்னால் கதிரை ஒருமுறைகூடக் கிரீச்சிடவில்லை.

பெட்டிகள் வந்தன. இது வேண்டுமா, அது வேண்டுமா. நான் எல்லாவற்றிலும் சரி போட்டேன். ஏன் போடமாட்டேன்? என் தொழிலில் ஒரு ஆணி குறைந்தால் மேசன் ஒருநாள் சும்மா இருப்பான். தொடங்குகிறவன் எல்லாவற்றிலும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வதுதான் புத்தி. பட்டனை அமத்தினேன். பொதி வந்தது. அவிழ்த்தால் திரையில் முதலில் ஒரு தாள், நாலு வரித் தமிழ். அதன் அடியில் ஒரு வரியை இங்கிலீசில் அடிக்கச் சொல்லியிருந்தது. இங்கிலீஸ் எழுத்து எனக்கு சீமெந்துப் பையிலும் பெயின்ற் வாளியிலும் பழக்கம். ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தினேன். குத்தி முடிய மனைவி இரண்டாம் முறை தேத்தண்ணி கொண்டுவந்துவிட்டாள்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டியது.

"உடைச்சிட்டனா?" என்றேன்.

அவள் வாயிலிருந்து கையை எடுத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் சரி போட்ட பெட்டிகளையே பார்த்தாள்.

"மாமா, ஏன் எல்லாத்தையும் தொட்டீங்க?"

"தொடக் கூடாதெண்டு எங்கயும் எழுதிரிக்கா?"

"இல்ல" என்றாள் மெதுவாக. "எழுதல்ல."

பிறகுதான் விளக்கினாள். அந்தப் பெட்டிகளில் இரண்டு, ஒரே வேலையைச் செய்கிற பொருட்கள். சேர்வர் என்பார்கள், வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கிற ஆள் மாதிரி. ஒரு வாசலுக்கு ஒரு ஆள்தான் நிற்கலாம். நான் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டேன். இரண்டும் ஒரே வாசலில் முட்டி, வீடே திறக்கவில்லை.

"ஒரு நிலைக்கு ரெண்டு கதவு பூட்டினமாதிரி" என்றேன்.

"ஓம். அந்த ரெண்டு கதவையும் ஆவணியில கொண்டுவந்து வச்சது நான்தான் மாமா." குரல் கீழே போய்விட்டது. பழைய பெட்டிகளுக்கு எல்லாம் ஒன்றைத் தொட்டால் மற்றது மங்கிப்போகிற மாதிரிக் கட்டு இருந்தது. பக்கத்தைப் பெருப்பிக்கும்போது புதிதாகச் சேர்த்த இந்த இரண்டுக்கும் மட்டும் அவள் அந்தக் கட்டைப் போடவில்லை. இரண்டையும் ஒன்றாகத் தொட யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தாளாம். பரீட்சித்துப் பார்க்கிற பட்டியலிலும் அந்தச் சோடி இல்லை. அந்தப் பட்டியலை எழுதியதும் அவள்தான். வேலை தெரிந்த எவரும் இரண்டையும் தொடமாட்டார்கள். முதன்முதலாக வருகிறவர்கள்தான் தொட்டிருக்கிறார்கள், என்னைப் போல, எதற்கும் இருக்கட்டும் என்று.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நீங்கள் மூன்று பேரும் ஒரு மாதம் தேடியதை நான் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் பிடித்துவிட்டேன் என்றேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால், கண் நிறைந்துவிட்டது.

"நான் பழைய ஆளாகிட்டன் மாமா" என்றாள்.

திருத்துவது ஒரு நாள் வேலைதான். ஒன்றைத் தொட்டால் மற்றது மங்கும், பக்கத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டாள். கடையில் ஒருவன் ஒரு நிலைக்கு இரண்டு கதவு கேட்டால் என்ன சொல்வீர்கள்? பிழை என்று சொல்லமாட்டேன் என்றேன். பிழை என்றால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். தம்பி, விடிய எழும்பினா எந்தக் கதவில முழிக்க விருப்பம் என்று கேட்பேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். கடைசியில் பக்கத்தில் வந்தது: இவை இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை, ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். என்னுடையது இதைவிடத் திறம் என்றேன். ஒத்துக்கொண்டாள். ஆனால் மற்றப் பாசைகளில் அதைக் கொண்டுவர ஏலாதாம்.

திருத்திய பக்கத்தைத் திறக்கிற அன்று காலை என் மனைவி ஒரு சட்டியும் அடுப்புமாக மாடிக்கு வந்துவிட்டாள். "ஆயிரம் பேர் குடிவாற வீட்டுக்குப் பால் பொங்காம விடுறதாகா?" என்று அவளைப் பேசினாள். லப்டொப்புக்கு முன்னால் பால் வைத்தார்கள். அவள் பட்டனைத் தொடவும் பால் பொங்கவும் சரியாக இருந்தது. கிழக்குப் பக்கமாகப் பொங்கிச் சரிந்து லப்டொப்பை நோக்கி ஓடியது. நான் சாரனால் அணை கட்டினேன். வீடு கட்டுகிறவனுக்குத்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும்.

முறைப்பாடுகள் நின்றன. பக்கத்தை மூடுகிற கதையைக் கம்பனி பிறகு எடுக்கவில்லை. பொங்கலுக்கு இரண்டு சட்டி தயிர் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இருந்தேன். மாசி மாதம் அவள் வந்து, பக்கத்தை வேறொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன், நான் போகப் போகிறேன் என்றாள். எனக்குக் கோபம். நான் கண்டுபிடித்துக் காப்பாற்றிக் கொடுத்ததை யாரோ ஒருத்தியிடம் ஏன் கொடுக்கிறாய்? யார் துரத்தினார்கள்? ஒருவரும் துரத்தவில்லை. போன மாதம் சேர்ந்த பிள்ளையாம். நல்ல மொட்டைக் கேள்வி எல்லாம் கேட்கிறாளாம். அந்த வாசலில் அவளைப் போல ஒருத்திதான் நிற்க வேண்டும். தான் இனி எங்கேயாவது போய் ஒன்றும் தெரியாத ஆளாக இருந்து பார்க்க வேண்டும் என்றாள். கப்பல்களுக்குப் பாதை கணிக்கிற ஏதோ வேலை, குளிர் தேசம். கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்றேன். "ஒண்டும் தெரியா" என்றாள், பரிசு விழுந்த மாதிரி.

போவதற்கு முதல் கிழமை முழுக்கக் கிணற்றடியில் இருந்தாள். என்னை ஒவ்வொரு வால்வாகத் திருப்பச் சொல்லி, எது எங்கே போகிறது என்று கேட்டு எழுதினாள். எதையும் சுருக்கிச் சொன்னால் விடவில்லை. கடைசி நாள் என் மனைவியைக் கூட்டி வந்து, துண்டுகளை மட்டும் வாசித்து மோட்டரைப் போடச் சொன்னாள். எனக்குக் கிணற்றுக் கட்டில் ஒரு இடம் காட்டினாள்.

"நீங்க வாயப் பொத்திக்கொண்டு இரிங்க மாமா."

மனைவி இரண்டாவது வால்வில் கை வைத்துத் தயங்கியபோது என் உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மேலே தாங்கியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை, கலியாணம் முடித்த நாளில்கூட நான் கண்டதில்லை.

இது நடந்து இரண்டு வருடம். போன மாரிக்குள் எனக்குப் பிரஷர் ஏறி வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். கால் வந்துவிட்டது. வலது கை இன்னும் பாதிதான். இதை இடது கையால்தான், மனைவியிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு, எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் மறுகை பழகியவன் இந்த ஊரில் வேறு யாரும் இருந்தால் சொல்லுங்கள். தலைக்குள் சில பொருட்கள்தான் இடம் மாறிவிட்டன. கடையில் எந்தக் கம்பி எந்தத் தட்டு என்று தடுமாறி நிற்பேன். பிறகு வரும், சில வேளை வராது. நான் இல்லாத நாட்களில் வீட்டில் ஒருநாள்கூடத் தண்ணீர் நிற்கவில்லை என்று மனைவி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள் காலையில் நானாகக் கிணற்றடிக்குப் போனேன். மனைவி குசினி வாசலுக்கு வந்தாள். குனிந்தேன். நாலு வால்வு. நான் பூட்டிய நாலு வால்வு. எது தாங்கிக்கு, எது குசினிக்கு, எது பின் வளவுக்கு என்று எனக்கு வரவில்லை. நின்றேன். ரசமட்டத்தோடு நின்ற அன்று போல நின்றேன்.

அப்போதுதான் அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன். அதுவரை அவற்றை நான் வாசித்ததே இல்லை, என் வீட்டில் எனக்கு எதற்கு என்று. எழுத்துகள் பெரிது. ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் இடம் விட்டு, சின்னச் சின்னச் சொல்லாக, ஒரு வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் இல்லாமல் எழுதியிருந்தாள். மாடியில் ஒட்டிய துண்டுகள் இப்படி இல்லை, அவை நெருக்கி எழுதியவை. என் மனைவி நன்றாக வாசிப்பாள், அவளுக்கு இது தேவையில்லை. அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் கிரீச்சிடாமல் இருந்த கதிரை நினைவுக்கு வந்தது.

கூட்டி வாசித்தேன்.

முதல்முறை வருகிறவருக்கு. பயப்பட வேண்டாம். பிழையாகத் திருப்பினாலும் ஒன்றும் உடையாது. பூட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். இது மேல்தாங்கிக்குப் போவது. இடப்பக்கம் திருப்பவும்.

அந்த முதல் வரிகளை நான் முன்பும் வாசித்திருக்கிறேன். அவளுடைய பொதியை அவிழ்த்தபோது முதலில் வந்த தாளில் இதேதான் இருந்தது.

இடது கையால் இடப்பக்கம் திருப்பினேன். மேலே தண்ணீர் விழுந்தது.

"என்ன, வந்துட்டா?" என்று மனைவி வாசலில் நின்று கேட்டாள்.

"வராம? நான் கட்டின வீடு" என்றேன்.

துண்டில் பட்டிருந்த ஈரத்தைச் சாரனில் துடைத்து, எழுத்துப் பக்கம் வெளியே தெரியத் திரும்பத் தொங்கவிட்டேன்.